ஆறு மணிக் கணக்கு

கடிகாரத்தைப் பார்க்காதீங்க என்று சொல்லித்தான் ராஜகனி என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். நான் பார்க்கவில்லை. கடிகாரத்துக்கு நேர் கீழே சாய்ந்திருக்கும் பெரியவரின் வழுக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் தானாக ஒரு சாண் மேலே போனால் அதற்கு நான் என்ன செய்வது. ஐந்து தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் ஆறு மணிக்குத்தான் முடியும், முடிந்த கையோடு தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ நேரம் இருக்கிறது. விடியற்காலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை இருக்கிறது, வளர்பிறையில் வேறு நாளா இல்லை. என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இந்த ஆறு மணிதானா கிடைத்தது? வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். சவூதியில் இத்தனை வருஷம் உழைத்துவிட்டு வந்த மனிதனுக்கு ஆறு மணிமேல் என்ன கோபம் என்று கேட்டால் என்ன சொல்வது? அருப்புக்கோட்டையில் நான் சவூதிக்காரன். இந்த மாடி ஹாலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அப்படித்தான். நான் உள்ளே போன மாதமே ராஜகனி பழைய ஊரைக் காலி செய்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இட்லிக் கடை போட்டாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் சவூதி என்று சொன்னாள். சொல்லிக்கொடுத்தது என் மச்சினன் குருசாமி. பாவம், நல்லதுக்குத்தான் சொல்லிக்கொடுத்தான். அந்த ஒரு சொல்லின் மேல் பாப்பா பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள், பேங்கில் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே ஒரு பையன் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய் வீட்டோடு பெண் கேட்டு வந்திருக்கிறான். இப்போது அந்தச் சொல் உடையாமல் இருக்க வேண்டும். அது உடைவதென்றால் என்னால்தான் உடையும். வேறு யாரும் இங்கே உளறமாட்டார்கள்.

உளறாமல் இருப்பது எளிதாகவா இருக்கிறது? மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜெயசீலன் வந்ததிலிருந்து என்னையே சுற்றுகிறார். அவர் உண்மையாகவே சவூதியில் இருந்தவர். என் தலையெழுத்து. "அண்ணாச்சி எந்தப் பக்கம்? தமாமா, ஜுபைலா?" என்றார். ஜுபைல் என்றேன். அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. "ரூமா, கேம்ப்பா?" கேம்ப் என்றேன். "ஒரு ரூமுக்கு எத்தன பேரு?" நிறையப் பேரு என்றேன். இதுவரைக்கும் பொய்யே இல்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டார், வரிசையில் நின்று வாங்க வேண்டும் என்றேன், தலையை ஆட்டினார். ஊர் ஞாபகம் வருமா என்றார், சாயங்காலம் வரும் என்றேன், அதற்கும் ஆட்டினார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. அப்புறம்தான் "ஏசியெல்லாம் ஒழுங்கா ஓடுமா அங்க?" என்று கேட்டார். நான் "ஏசி கிடையாது, மேல ஒரே ஒரு ஃபேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏசி இல்லாமயா? ஜுபைல்லயா?" குருசாமி எங்கிருந்தோ பாய்ந்து வந்தான். "அது ஆரம்பத்துல இருந்த கம்பெனி மாமா, ஏமாத்துக்காரப் பயலுக, பாஸ்போர்ட்டயும் புடுங்கி வச்சுக்கிட்டானுக, லீவுக்குக்கூட விடல" என்றான். ஜெயசீலன் என்னைப் பார்த்துக்கொண்டே, "அப்ப ஜெயில் மாதிரில்ல இருந்துருக்கு" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். என்னைவிடப் பத்து வயசாவது இளையவரை ஐயா என்றுவிட்டேன். யாரையும் ஐயான்னு கூப்பிடாதீங்க, மூணு வேளையும் சொல்றேன், மண்டையில ஏறுதா இல்லையா என்று ராஜகனி காலையில்கூடத் திட்டினாள். ஏறுகிறது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பது இறங்கமாட்டேன் என்கிறதே. ஜெயசீலன் எழுந்து தன் அக்கா பக்கம் போய்க் குனிந்து என்னமோ சொல்கிறார். ஏசி பற்றித்தான் சொல்கிறாரா? காப்பி பற்றியும் இருக்கலாம். அந்தம்மா திரும்பி என்னைப் பார்க்கிறது. காப்பிக்கு எதற்கு என்னைப் பார்க்க வேண்டும்?

இந்த ஹாலின் கதவு திறந்தே கிடக்கிறது, அது வேறு. வந்தவர்கள் மூடவே இல்லை. திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எனக்குப் பிடரி கூசும். மூடிய கதவுக்கு முன்னால் நின்றாலும் கஷ்டம்தான், யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றுகொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்த புதிதில் கக்கூஸ் கதவுக்கு முன்னால் அப்படி நின்றேன். ராஜகனி, "தள்ளுனா தெறக்கும்ங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். எல்லாவற்றையும்விட அவளை அழ வைத்தது சாயங்காலம்தான். உள்ளே ஆறு மணிக்குள் எங்களை அடைத்துவிடுவார்கள். அடைப்பதற்கு முன்னால் எண்ணுவார்கள். இரண்டு இரண்டு பேராகத் தரையில் குந்தி உட்கார வேண்டும், கை முழங்கால் மேல், தலை குனிந்து. வார்டன் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போவார். கணக்கு சரியாக வந்தால் எழுந்து உள்ளே போகலாம். வராவிட்டால் மொத்தப் பேரும் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், முதலிலிருந்து எண்ணுவார்கள். மழையானாலும் அப்படித்தான். அது முடிந்து, உள்ளே போய், வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வயிற்றைப் பிடித்திருக்கிற கை விடும். நம்பமாட்டார்கள், ஆனால் விடும். அடைபடும் சத்தத்தில் ஒரு மனிதனுக்கு நிம்மதி வருமா? வருகிறதே! வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு முதல் வாரம் தூக்கமே இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ராஜகனியிடம் கேட்டேன், ஆறு மணிக்கு என்னை உள் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடு, கொஞ்ச நேரம் போதும் என்று. முடியாது என்றாள், சண்டை போட்டாள், அப்புறம் போட்டாள். இன்று வரைக்கும் போடுகிறாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் அந்தப் பக்கம் கதவை ஒட்டி நிற்கிற மூச்சு எனக்குக் கேட்கும். ஒரு நாள் பாப்பா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து கதவைத் திறந்துவிட்டாள். நான் சுவர் ஓரம் குந்தியிருந்தேன். அவள் சத்தம் போடவில்லை. "ஏம்ப்பா இந்தப் பக்கம் இவ்வளவு எடம் விட்டு உக்காந்துருக்கீங்க?" என்றுதான் கேட்டாள். அது சேசுராஜ் இடம் என்றேன். என் ஜோடி. தூத்துக்குடிக்காரன், வாய்த்துடுக்கு, நெஞ்சுச் சளி முற்றி ஜெயில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன், வார்டன் என்னிடம் வந்ததும் கணக்கு இடறியது. ஒற்றை ஆள் என்றால் எண்ணுகிறவருக்குக் குழப்பம் வந்துவிடும், எல்லாரும் என்னைத் திட்டினார்கள். நான் சொல்லச் சொல்லப் பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கைப்பையைக் கூடக் கழற்றாமல் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "கணக்கு முடிஞ்சிருச்சாப்பா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, சோறு ஆகிவிட்டதா என்று கேட்கிற மாதிரி. முடிந்துவிட்டது என்றேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தரை ஆகியிருக்கும். இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஜன்னல் வெயிலைப் பார்த்தே எனக்குத் தெரியும், அந்தப் படிப்பில் நான் பட்டம் வாங்கினவன். படிப்பு என்றதும் அந்தப் பேராசிரியர் ஞாபகம். ஒரு விழாவுக்கு வந்து சிறைச்சாலையின் நோக்கம் என்ன என்று எங்களுக்குப் பேசினார். தவறு செய்தவனைத் தண்டிக்க வேண்டும், அதைப் பார்த்து மற்றவன் பயப்பட வேண்டும், ஊர் பத்திரமாக இருக்க வேண்டும், ஆனால் இந்தக் காலத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் திருத்துவது, ஆகவே இது ஜெயில் இல்லை நண்பர்களே, பள்ளிக்கூடம் என்றார். "அப்ப முழுப் பரிட்ச லீவு உண்டா சார்?" என்று சேசுராஜ் கேட்டுவிட்டான். பேராசிரியரும் சிரித்தார், வார்டன் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனிதர் அவர். சொன்னதை நான் வருஷக்கணக்காக அசைபோட்டிருக்கிறேன். திருந்தினேனா? சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்று ஒரு சண்டை, மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி, அடுத்த வீட்டுச் செல்வநாயகம் வாய்க்காலிலேயே சரிந்தார். அந்த நிமிஷமே என் கோபம் செத்துவிட்டது. ஜட்ஜ் வாயைத் திறப்பதற்கு முன்னால், போலீஸ் வருவதற்கு முன்னால். திருந்துகிற வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மீதி வருஷமெல்லாம் யாரைத் திருத்தினார்கள்? சரி, தண்டனை என்று வைத்துக்கொள்வோம். வேண்டியதுதான், நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, ஒருவரின் உயிர் போயிருக்கிறது. ஆனால் செல்வநாயகத்தின் வீட்டம்மாவுக்கு அதில் என்ன போய்ச் சேர்ந்தது? வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம் பழைய ஊருக்குப் போய் அந்தம்மா வாசலில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தது, அடையாளம் தெரிந்துகொண்டது, ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நான் உள்ளே இருந்த அத்தனை நாளில் ஒரு நாளைக் கூட எடுத்து அந்தம்மாவின் கையில் கொடுக்க முடியவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் பழக்கம்தான். குனியப் பழகினேன், காத்திருக்கப் பழகினேன், எதைச் சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று எதையும் நானாக முடிவு செய்யாமல் இருக்கப் பழகினேன். ஓட்டலில் என்ன வேணும் என்று சப்ளையர் கேட்டால் எனக்கு வேர்க்கிறது. நல்ல பையனாகத்தான் செய்து அனுப்பியிருக்கிறார்கள், உள்ளே வைத்திருப்பதற்கு. வெளியே நடக்கச் சொல்லித் தரவில்லை. இதை அந்தப் பேராசிரியரிடம் கேட்க வேண்டும் என்று ஆசை. கேட்டால் குறித்துக்கொண்டு போவார்.

ராஜகனி வாசலில் நின்று கண் காட்டுகிறாள். ஆறுக்குக் கால் மணி முன்னால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் பாத்திரம் வைக்கிற அறை இருக்கிறது, வெளியே தாழ்ப்பாள் உண்டு, நேற்றே வந்து பார்த்து வைத்தாள். உள்ளே விட்டுப் பூட்டி, ஆறு தாண்டியதும் திறந்து, முகம் கழுவ வைத்து, சபைக்குக் கூட்டிவந்துவிடுவாள். தட்டைக் கையில் வாங்கிச் சம்பந்தியிடம் கொடுத்து, அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டால் முடிந்தது, இதற்கு மேல் ஒரு தகப்பன் செய்ய ஒன்றும் இல்லை. எழுந்தேன். எழுந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து தொடையில் ஒரு கை விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா பால்பாண்டியன். "எங்க சம்பந்தி போறீங்க, உக்காருங்க, வேலையெல்லாம் பொம்பளைங்க பாத்துக்குவாங்க." உட்கார் என்று ஒருவர் சொன்னால் நான் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்துவிட்டேன். "என்ன இப்படி வேர்க்குது? யாருப்பா அங்க, ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைங்க." பெரிய உடம்பு, பெரிய கை, தொடையிலிருந்து எடுக்கவே இல்லை. பஸ் கம்பெனியில் செக்கராக இருந்த கதையைச் சொல்கிறார். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாராம். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார். வாசலில் ராஜகனி சேலைத் தலைப்பை முறுக்குகிறாள். ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லலாம். எந்த மனிதனும் சொல்லலாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் சும்மா எழுந்து போகலாம். போ. எழுந்திரு. காலுக்குச் சொல்கிறேன், கால் பால்பாண்டியனைப் பார்க்கிறது, அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் நகரும். அவருக்கு என்ன தெரியும், பாவம், அவர் செக்கிங் ஸ்குவாடில் இருக்கிறார்.

பிள்ளைகள் எல்லாரையும் தாண்டி ஓடுகிறார்கள். மல்லிகைப்பூ வாசம், சாம்பார் வாசம். உள் அறையில் பாப்பாவுக்குப் பூ வைக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அவள் சிரிப்பு எது என்று தனியாகத் தெரியும். மயில்கழுத்துக் கலர் பட்டு. கூப்பிடும்வரைக்கும் அவள் சபைக்கு வரக் கூடாது. ஆறு மணி ஒன்றும் செய்யாது. ஒரு முள் கொஞ்சம் நகர்வது, அவ்வளவுதான். இந்த ஊரில் இப்போது எத்தனையோ பேர் ஆறு மணியைக் கவனிக்காமலே தாண்டிக்கொண்டிருப்பார்கள், பஸ்ஸில், கடையில், டீ குடித்துக்கொண்டு. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருக்கிறேன். பிடித்துக்கொள், மாரியப்பா, பிடித்துக்கொள், மகள் வாழ்க்கை. பெரியவர், "ராகு காலம் போயிருச்சுப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார், எல்லாரும் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆறு. தாண்டிவிட்டது! ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில்தான் இருக்கிறேன். சிரிப்புக்கூட வந்தது. தட்டை எடுத்துட்டு வாங்க என்று யாரோ குரல் கொடுத்தார்கள், ராஜகனியின் முகம் மலர்ந்தது, பால்பாண்டியன் தொடையிலிருந்து கையை எடுத்தார். அப்போது சமையல் மாஸ்டர் தோளில் துண்டோடு சபைக்குள் வந்தார். முதல் பந்திக்கு எத்தனை இலை போடுவது என்று ஆள் எண்ண வந்திருக்கிறார். இரண்டு விரலை நீட்டி, உரக்க, வரிசையாக. "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு…"

எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது. கை முழங்கால் மேல் இருந்தது, தலை குனிந்திருந்தது, புது வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. எனக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தேன். மாஸ்டரின் குரல் நின்றது. அப்புறம் பேச்சு நின்றது, பிள்ளைகளை யாரோ அதட்டி நிறுத்தினார்கள், ஃபேன் சத்தம் மட்டும். கால்கள் தெரிந்தன. பால்பாண்டியனின் கால், ஜெயசீலனின் கால், வாசலில் மெட்டி போட்ட ராஜகனியின் கால். எழுந்திரு. ஏதாவது விழுந்துவிட்டது, தேடினேன் என்று சொல். எழ முடியவில்லை. எண்ணுகிறவர் என்னைத் தாண்டவில்லை. ஒற்றை ஆள், கணக்கு இடறிவிட்டது, இனி எல்லாரும் என்னைத் திட்டப்போகிறார்கள். போச்சு. என் பிள்ளையின் கல்யாணத்தை நானே என் கையால் கெடுத்துவிட்டேன்.

உள் அறையிலிருந்து வளையல் சத்தம் வந்தது. பெண்கள் "ஏய், நில்லுடி, இன்னும் கூப்புடல" என்றார்கள். மயில்கழுத்துக் கலர் என் கண் ஓரத்தில் வந்து நின்றது. பட்டு மடிப்பைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில், அந்த இடத்தில், பாப்பா குந்தி உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எண்ணுங்கண்ணே," என்றாள். "நாங்க ரெண்டு பேரு."

"என்னம்மா இது?" பால்பாண்டியனின் குரல்.

"எங்கப்பா சவூதில இல்ல மாமா. ஜெயில்ல இருந்தாங்க. சண்டையில ஒருத்தர் இறந்துட்டாரு. அங்க ஆறு மணிக்கு இப்படி உக்காரணும். எண்ணி முடிக்காம அவங்களால எந்திரிக்க முடியாது. மறைச்சது தப்புத்தான். அதுக்காக அவங்களத் தனியா உக்கார வைக்க மாட்டேன்."

முழுவதையும் சொன்னாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தக் கூடாது. வாசலில் ஒரு தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது, பாக்கு உருண்டதோ பழம் உருண்டதோ. ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. ஜெயசீலனின் கால் எழுந்து நின்றது. அந்தப் பக்கத்துப் பெண்கள் ஏதோ கிசுகிசுத்தார்கள். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. "நான் இப்ப எத்தன எலைங்க போடச் சொல்றது?" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அதைத்தான் நானும் கேட்கிறேன். எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேர் படி இறங்குவார்கள். பாப்பாவின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. கை இரண்டையும் என்னைப் போலவே முழங்கால் மேல் வைத்திருந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்கலாம். இந்த வரிசையில் பேசக் கூடாது.

பால்பாண்டியனின் கால் ஜெயசீலன் பக்கம் திரும்பியது. பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

"ஜெயசீலா, உக்காரு," என்றார்.

அந்தக் கால் அப்படியே நின்றது.

"உக்காருடா. ஆள எண்ணிக்கிட்டு இருக்காருல்ல." நாற்காலி கிறீச்சிட்டது. "மாஸ்டர், விட்ட எடத்துல இருந்து வேணாம். மொதல்ல இருந்து எண்ணுங்க. எங்க பக்கம் யாரும் எந்திரிக்கல."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய கால் என் பக்கமாகத் திரும்பி, நடந்து வந்து, எங்களுக்கு முன்னால் நின்றது. இந்தத் தடவை எங்களிடமிருந்து ஆரம்பித்தார்.

"ரெண்டு," என்றார்.